மடிப்புக்குள் போன முகம்: நூல் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நூலகப் பொறுப்பு அலுவலர் அவர்களுக்கும், நூல் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும்,

உங்கள் நூலகத்திலிருந்து பைண்டிங்குக்குப் போன மூன்று புகைப்பட நூல்கள் சென்ற வாரம் திரும்பி வந்தன. மூன்றுக்கும் ஒரே சிவப்புக் காலிகோத் துணி முதுகு. மூன்றும் பாதிதான் திறக்கின்றன. அதே வாரம் அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் ஏறின. படங்கள் மட்டுமே உள்ள நூல்களுக்கு இனிப் பரிந்துரை ஏற்கப்படாது என்று ஒன்று. நூலக அரங்கில் புகைப்படப் போட்டி நடக்கவிருக்கிறது என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே பின்னில் குத்தியிருந்தார்கள். இந்த மடலை எழுத வைத்தவை அந்த மூன்று நூல்களும் இந்த இரண்டு தாள்களும்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். திருநெல்வேலியில் 'போட்டோ புக்' என்றால் கல்யாண ஆல்பம். 12க்கு 36 அங்குல ஷீட், லெதர் அட்டை, தனிப் பெட்டி. உங்கள் குழுவிலும் சிலர் அப்படித்தான் எடுத்துக்கொண்டதாகக் கேள்வி. நாங்கள் சொல்வது வேறு. ஒரு கலைஞர் பல ஆண்டுகளாக எடுத்த படங்களில் கொஞ்சத்தைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, அளவு, தாள், மை, தையல் வரை முடிவு செய்து, அந்த நூலையே தன் படைப்பாக வெளியிடுவது. சுவரில் மாட்டும் பிரதி பலருக்கு இரண்டாம் பட்சம். நாவலாசிரியருக்கு நாவல் எப்படியோ, இவர்களுக்கு நூல் அப்படி. ஆகவே நூலைக் கெடுத்தால் கெடுவது மேலுறை இல்லை, படைப்பு.

இனி பைண்டிங். திரும்பி வந்தவற்றில் ஒன்றின் பக்க அகலம் 24 செ.மீ. விரித்தால் 48. பல படங்கள் இரு பக்கத்துக்கும் சேர்ந்து, ஓரத்தில் வெள்ளையே விடாமல் அச்சானவை. 16 பக்க ஃபாரங்களாக மடித்து, மடிப்புக்குள்ளே நூல் ஓட்டித் தைத்த புத்தகம் அது. அதனால்தான் முன்பு மேசையில் வைத்தால் தானாகப் படுத்துக் கிடந்தது. இப்போது முதுகைப் பிரித்து, 8 மி.மீ. உள்ளே தள்ளித் துளையிட்டு, குத்துத் தையல் போட்டிருக்கிறார்கள். இழப்பு 8 மி.மீ.யோடு நிற்பதில்லை. 150 ஜிஎஸ்எம் எடையுள்ள, வழவழப்பான மேல்பூச்சுப் பூசிய ஆர்ட் பேப்பர் விறைப்பானது, தையலை ஒட்டி வளைந்து கொடுக்காது. இன்னும் 6, 7 மி.மீ. அந்த வளைவுக்குள் மறைகிறது. இரு பக்கமும் சேர்த்தால் படத்தின் நட்டநடுவில் சுமார் 3 செ.மீ. காணவில்லை. 48-இல் 3 தானே என்று தோன்றலாம். அந்த மூன்றில் ஒரு பெண்ணின் முகம் இருந்தது. இப்போது மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு காது.

மடிப்பில் முகம் வந்தால் என்ன ஆகும் என்பது நம் ஊர் ஆல்பம் டிசைனர்களுக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரியும். மணமகள் முகத்தை நடு மடிப்பில் விட்டால் ஆல்பம் திரும்பி வரும். புகைப்பட நூல் செய்பவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒரு முகத்தை அங்கே வைக்கிறார்கள் என்றால், நூல் முழுதாகத் திறக்கும் என்று தையலை நம்பி வைக்கிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் குத்துத் தையல் குத்திவிட்டது.

தையலுக்குப் பிறகு கட்டிங். மேல், கீழ், முன் ஓரம் மூன்றிலும் 4 மி.மீ. வெட்டியிருக்கிறது. நாவலில் 4 மி.மீ. போனால் வெள்ளை ஓரம் குறையும், அவ்வளவுதான். ஓரம் வரை படம் ஓடும் நூலில் வெட்டுப்படுவது படம். ஒரு பக்கத்தின் வலது கோடியில் யாரோ ஒருவரின் கைவிரல்கள் மட்டும் சட்டகத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தப் படத்தின் முழுப் பதற்றமும் அந்த விரல்களில்தான். கத்தி அவற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தையலைப் பிரித்துவிடலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

பைண்டிங் போட்ட அண்ணாச்சி மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாடநூலுக்கும் தொடர்கதைத் தொகுப்புக்கும் அவர் போடும் தையல் 20 வருடம் நிற்கும். எழுத்துப் பக்கத்துக்கு அது சரியான தையல். இந்த நூல்களையும் அந்தக் கட்டோடு சேர்த்துக் கட்டி அனுப்பியவர்களிடம்தான் கேட்கிறோம்.

முதுகு விட்டுப்போன புகைப்பட நூலுக்குச் செய்ய வேண்டியது இதுதான். பழைய பசையை மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். கிழிந்த மடிப்புகளுக்கு உள்பக்கமாக மெல்லிய டிஷ்யூத் தாள் பட்டை ஒட்ட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் துளைகள் வழியாகவே, மடிப்புக்குள் மறுபடி தைக்க வேண்டும். முதுகில் வெள்ளைப் பசை ஒரே ஒரு மெல்லிய பூச்சு, அதன் மேல் வலைத்துணி, பிறகு பழைய அட்டையே. கத்தி மெஷின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை பூச்சி வராமல் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் ஈரம் அதிகம். ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பக்கத்துப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரியும். இதெல்லாம் செய்ய ஆள் இல்லையென்றால் அளவுக்கு ஒரு அட்டைப் பெட்டி செய்து நூலை அப்படியே உள்ளே வையுங்கள். தைக்காத நூல், தப்பாகத் தைத்த நூலைவிட நூறு மடங்கு மேல்.

ஈரம் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மேல்பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளில் அச்சான நூல் நனைந்தால், அதை விசிறிபோல விரித்து மின்விசிறிக்குக் கீழே வைத்தால் நெளிந்தாவது பிழைக்கும். ஆர்ட் பேப்பர் நூல் நனைந்து காய்ந்தால் செங்கல்தான். இவற்றை அடித்தட்டில் வைத்திருக்கிறீர்கள், பெரிய அளவு நூல் மேல்தட்டில் நிற்காது என்பதற்காக. நிற்க வைக்கவே வேண்டாம். இடுப்பு உயரத் தட்டில் படுக்க வைக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாக நான்குக்கு மேல் போகாமல்.

முத்திரை விஷயம் இன்னும் சின்னது, ஆனால் கண்ணில் அடிப்பது. ஒவ்வொரு நூலிலும் நூலகம் தனக்கென வைத்திருக்கும் ஒரே பக்க எண்ணில் முத்திரை குத்தும் 'ரகசியப் பக்க எண்' எழுத்து நூலுக்கு வகுத்த வழக்கம். புகைப்பட நூலில் அந்த எண் எந்தப் படத்தின் மீது விழும் என்று யாருக்கும் தெரியாது. இந்த மூன்றில் ஒன்றில் அது வானத்தில் விழுந்திருக்கிறது, ஊதா நிறத்தில், நூலகத்தின் பெயரோடு. ஆர்ட் பேப்பர் முத்திரை மையைக் குடிக்காது. மேலேயே நிற்கும். மூடியதும் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு முத்திரை, கண்ணாடிப் பிம்பமாக. தலைப்புப் பக்கத்தின் பின்புறமும் கடைசிப் பக்கப் பதிப்பு விவரமும் போதாதா? பதிவு எண்ணை 2பி பென்சிலில் எழுதினால் நூறு ஆண்டானாலும் அழியாது.

இனி அந்த அறிவிப்பு. 'படங்கள் மட்டுமே உள்ள நூல்கள்.' வாசிக்க ஒன்றுமில்லை என்பது அதன் பொருள் என்று புரிந்துகொள்கிறோம்.

தாமிரபரணி மேல் நம் சுலோசன முதலியார் பாலம் திறந்தது 1843. அதே ஆண்டு இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை நீலநகல் முறையில் பதிவு செய்து பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்கள் கொண்ட முதல் நூல் என்று வரலாறு அதைத்தான் சொல்கிறது. நம் பக்கம் வந்தால், லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் படங்களைத் தொகுதிகளாக வெளியிட்டது 1858-இல். அதாவது தமிழ் நிலம் புகைப்பட நூலுக்குள் போய் 160 ஆண்டுக்கு மேல் ஆகிறது. நேற்று வந்த ஆடம்பரம் இல்லை இது.

நூலகம் இப்படி மறுப்பதும் புதிதில்லை. எட் ருஷே என்ற அமெரிக்கக் கலைஞர் 1963-இல் 26 பெட்ரோல் பங்குகளின் படங்களை, பங்கின் பெயரும் ஊர்ப்பெயரும் தவிர வேறு விளக்கமே இல்லாமல், 400 பிரதி நூலாகப் போட்டார். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் அதே ஆண்டு அக்டோபரில் அதை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு அவர் ஒரு கலை இதழில் 'நிராகரிக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் விளம்பரமே கொடுத்துவிட்டார். இன்று அந்தச் சின்னஞ்சிறு நூல் கலைக்கூடங்களில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அந்த நூலகத்தைத் தவறாமல் இன்றும் சேர்த்துப் பேசுகிறார்கள், மறுத்ததற்காக.

வாசிக்க ஒன்றுமில்லையா என்று ஒரே ஒரு இடத்தைக் காட்டுகிறோம். புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்'. 1955, 56-இல் அமெரிக்காவைச் சுற்றிச் சுமார் 28,000 ஃபிரேம் எடுத்து, நூலுக்குள் விட்டது 83. அதில் ஒரு பக்கத்தில் லாங் பீச்சில், இரண்டு பனைபோன்ற மரங்களுக்கு நடுவே, பளபளக்கும் உறை போர்த்தி நிறுத்திய கார். செல்வத்தின் அமைதி. பக்கத்தைத் திருப்பினால் அரிசோனாவில் நெடுஞ்சாலை ஓரம். தரையில் போர்வை போர்த்திய ஒன்று, பக்கத்தில் நான்கு பேர் பார்த்து நிற்கிறார்கள். கார் விபத்து என்று தலைப்பு. போர்த்திய கார், போர்த்திய உடல். முதல் படத்தைத் தனியாகப் பார்த்தால் அழகான வெயில். இரண்டாவதைத் தனியாகப் பார்த்தால் செய்தித்தாள் படம். ஒன்றை அடுத்து இன்னொன்று வரும்போது, திருப்பிய பக்கத்துக்கு மனம் திரும்பப் போகிறது, அந்த உறைக்குள் என்ன என்று கேட்கிறது. பக்கத்தைத் திருப்பும் கையும் சேர்ந்து செய்யும் வாசிப்பு இது. சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால்கூட இது நடக்காது, இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டுவிடும்.

அந்த நூல் 1958-இல் பாரிஸில் முதலில் வந்தபோது இடப்பக்கமெல்லாம் அமெரிக்காவைப் பற்றிய எழுத்துகள் இருந்தன. 1959 அமெரிக்கப் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டு, முன்னால் எழுத்தாளர் ஜாக் கெரூவாக்கின் முன்னுரை ஒன்றை மட்டும் வைத்தார்கள். உலகம் கொண்டாடுவது எழுத்து நீக்கிய பதிப்பின் வடிவத்தை. உங்கள் அளவுகோலில் முதல் பதிப்பு தேறும், இரண்டாவது தேறாது.

இன்றைய நூல்களுக்கு வருவோம். இந்தியப் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் 'மியூசியம் பவன்' ஒரு பெட்டிக்குள் 9 சிறு நூல்கள். ஒவ்வொன்றும் விசிறி மடிப்பாக நீளும், மேசையில் நிறுத்தினால் ஒரு கண்காட்சி. 2017-இல் பாரிஸ் போட்டோ – அப்பர்ச்சர் விருதுகளில் ஆண்டின் சிறந்த புகைப்பட நூல் அதுதான். நம் பைண்டிங் பிரிவு அதை என்ன செய்யும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. இரண்டே ஆண்டு கழித்து, 2019-இல், அதே விருது இன்னொரு இந்தியக் கலைஞரான சோராப் ஹூராவின் 'தி கோஸ்ட்' நூலுக்கு. இந்தியக் கடற்கரையோரம் எடுத்த படங்கள், அவரே சொந்தமாகப் பதிப்பித்தது. தொடக்கத்தில் ஒரு குறுங்கதை 12 முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் சில சொற்கள் மாறி. நம் சரிபார்ப்பு மேசை ஒரே கதை திரும்பத் திரும்ப அச்சாகிவிட்டது என்று விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்பியிருக்கும். தந்தைவழியில் இலங்கை வேர் கொண்ட பிரெஞ்சுக் கலைஞர் வசந்த யோகானந்தன் 2016 முதல் 2021 வரை இராமாயணத்தை 7 புகைப்பட நூல்களாகச் செய்தார். கம்பனை வரி வரியாகச் சொல்லக்கூடியவர்கள் பாளையங்கோட்டையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இந்த ஏழையும் வைத்தால் என்னவெல்லாம் பேசுவார்கள்! இவற்றில் ஒன்றுகூட உங்கள் நூலகத்தில் இல்லை.

விலைதான் தடை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அது உண்மையான தடை, மறுக்கவில்லை. வெளிநாட்டு நூல் பெரும்பாலும் 3,000 ரூபாய்க்கு மேல். 16 பக்க ஃபாரத்துக்கு இவ்வளவு என்னும் ஃபாரம் கணக்கில் விலை போட்டால், 96 பக்கம் என்பது 6 ஃபாரம், ஒரு கவிதைத் தொகுப்பின் விலைதான் வரும். அந்த விலையில் எந்தப் பதிப்பாளரும் தரமாட்டார். ஃபாரம் கணக்கு ஒரே நிற எழுத்து அச்சுக்கு வகுத்தது. புகைப்பட நூலில் தாள், இரட்டை மை, மேல்பூச்சு, தையல் எல்லாம் விலையில் ஏறும், பக்க எண்ணிக்கையில் ஏறாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இவை சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் பிரதிகள்தான் அச்சாகின்றன. தீர்ந்த பிறகு பழைய புத்தகச் சந்தையில் விலை பல மடங்காகும். வந்த ஆண்டே வாங்குவதுதான் மலிவு.

சென்னையில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு பேச்சு. 2016 முதல் அங்கே போட்டோ பினாலே நடக்கிறது, நல்ல விஷயம். 600 கிலோமீட்டருக்கு அப்பால், சில ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழா உள்ளூர் நூலகத்துக்கு ஈடாகாது. இங்கே ஸ்டூடியோவில் வேலை செய்யும் ஒரு பையனும், மகாராசநகரிலிருந்து பஸ் ஏறும் ஒரு கல்லூரி மாணவியும் இப்படி ஒரு கலை இருப்பதைத் தற்செயலாகக் கண்டுபிடிக்கக்கூடிய இடம் நூலகத் தட்டு மட்டும்தான். புகைப்படக் கலைக்கான 770-ஆம் எண் தட்டில் இப்போது இருப்பவை கேமரா கையேடுகள், அதிலும் பாதி ஃபிலிம் காலத்தவை. புகைப்படத் தொகுப்புகளுக்கான 779 காலி. அங்கே இருக்க வேண்டியவை எல்லாம் குறிப்புதவிப் பிரிவின் பூட்டிய பீரோவில். சாவி ஒரே ஊழியரிடம். அவருக்கு மதியச் சாப்பாடு, விடுப்பு, தேர்தல் பணி எல்லாம் உண்டு. சீர்காழி ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே. அவர் படத்துக்கு நேர் கீழேதான் அந்த பீரோ நிற்கிறது.

போட்டிக்கு வருகிறோம். ஒருவருக்கு ஒரு படம். 12க்கு 18 பிரதி. கூர்மை, நிறம், சட்டகத்தை மூன்றாகப் பிரித்துப் பொருளை வைக்கும் மூன்றிலொரு பங்கு விதி ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண். வந்த படங்கள் அனைத்தும் அமைப்பாளர்களுக்கே சொந்தம். இந்த விதிகளைப் படித்ததுமே என்ன வரும் என்று சொல்லிவிடலாம். அரை விநாடி ஷட்டரில் பஞ்சாக்கிய குற்றாலம். குறுக்குத்துறை முருகன் கோயில், ஆறு பாதி மூழ்கடித்த நிலையில். நெல்லையப்பர் தேர், மேலிருந்து. கூந்தன்குளத்தில் இறக்கை விரித்த நாரை. சுருக்கம் விழுந்த முகத்தோடு ஒரு பாட்டி, வெற்றிலை வாயோடு. ஒவ்வொன்றும் தொழில்நுட்பமாகச் சரியாக இருக்கும். ஒவ்வொன்றையும் சென்ற ஆண்டும் பார்த்திருப்போம். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் டைடோ மோரியாமா 1972-இல் போட்ட நூலில் கீறல் விழுந்த நெகட்டிவ்களும், ஃபிலிம் ரோல் முடியும் இடத்து வெளிறிய ஃபிரேம்களும், ஆடிப்போன படங்களுமாக இருக்கின்றன. அதை உங்கள் மதிப்பெண் தாளில் வைத்தால் பத்துகூடத் தேறாது. புகைப்படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று ஜப்பானில் அன்று நடந்த பெரிய விவாதத்தில் அந்த நூலுக்கு முக்கிய இடம் உண்டு.

தாமிரபரணியையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதிகையில் இறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும் ஆறு ஒரு படத்தில் அடங்குமா? பாபநாசம் படித்துறையில் பரிகாரத்துக்கு விட்ட துணிகள் பாறையில் சிக்கிக் கிடக்கும் படத்துக்கு அடுத்த பக்கத்தில், சலவைக் கல்லில் காயும் துணிகளின் படம் வந்தால் ஒரு கேள்வி பிறக்கும். அந்த இரண்டில் எதற்கும் தனியாகப் பரிசு கிடைக்காது.

நடுவர் குறிப்பு என்று ஒன்று கிடையாது. 'அருமை', 'தத்ரூபம்' தவிர வேறு சொல் கேட்டு எத்தனை நாளாகிறது? புகைப்பட நூலை மதிப்பிட ஒரு முறை இருக்கிறது, யாரும் பழகலாம். முதல் தடவை முன்னுரையைத் தொடாமல், ஒரே வேகத்தில் கடைசிவரை திருப்ப வேண்டும். நடுவில் கை எங்கே தானாக நின்றது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இரண்டாம் தடவை தாளும் பென்சிலுமாக உட்கார வேண்டும். எந்தப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறது, படம் எங்கே சிறுக்கிறது, எந்தப் பொருள் திரும்ப வருகிறது, தாள் எங்கே மாறுகிறது என்று குறிக்க வேண்டும். மூன்றாம் தடவை பின்னாலிருந்து முன்னுக்கு. அதற்குப் பிறகு ஒரே கேள்வி: இந்தப் படத்தை எடுத்துவிட்டால் நூலில் எது குறையும்? எதுவும் குறையாத படங்கள் பத்து இருந்தால் அந்த நூலின் தேர்வு தளர்வு என்று தைரியமாகச் சொல்லலாம். புதிதாக வரும் நூல்களில் நாங்கள் அதிகம் காணும் குறை இதுதான். 45 படத்தில் முடிய வேண்டியது 120-க்கு இழுக்கும். அடுத்த குறை, வட்டத் தட்டுக்கு எதிரே வட்ட நிலா என்று உருவ ஒற்றுமைக்காக மட்டும் ஜோடி சேர்ப்பது. இரண்டு விரிப்பு வரை ரசிக்கலாம், பிறகு எதுகை மோனைக்காக எழுதிய செய்யுள்போல ஆகிவிடும்.

அச்சையும் விமர்சிக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தை நாலு கலரில் அடித்தால், ஒரு மை கொஞ்சம் ஏறினாலே சாம்பல் நிறம் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ சாயும். கறுப்போடு ஒரு சாம்பல் மை என்று இரட்டை மையில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை, நிழலும் ஆழமாக விழும். 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் புள்ளிகள் பரவி இருட்டுப் பகுதி அடைத்துக்கொள்ளும், பின்பக்கப் படமும் தெரியும். ஆர்ட் பேப்பருக்கு, தையல் இல்லாமல் பசையால் மட்டும் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் போட்டால் பசை சரியாகப் பிடிக்காது, அக்னி நட்சத்திரம் ஒன்று கழிவதற்குள் பக்கங்கள் கையோடு வரும். சிவகாசி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலண்டருக்கு ஏற்றும் சிவப்பை மனித முகத்துக்கும் ஏற்றாமல் இருந்தால், அங்கேயே உலகத் தரத்தில் ஒரு நூல் அடிக்கலாம். அப்படி அடிக்க, அடிப்பவரும் அடிக்கச் சொல்பவரும் பார்த்துப் பழக ஒரு நல்ல நூலாவது கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நம் ஊர் விமர்சகருக்கு மட்டுமே சொல்ல முடிந்த விஷயங்களும் உண்டு. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் மசாஹிசா ஃபுகாசே 1986-இல் வெளியிட்ட காகங்களின் நூலை, மணமுறிவுக்குப் பின்னான தனிமை என்று மேற்கில் எழுதுகிறார்கள். காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் வீட்டிலிருந்து வரும் ஒருவர் அதே பக்கங்களைத் திருப்பும்போது, மரத்தில் கூடியிருப்பவர்கள் யார் என்பதே வேறாகிவிடும். அந்த வாசிப்பு ஃபுகாசே நினைத்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் அது எழுதப்படவே இல்லை.

நாங்கள் கேட்பவை இவை.

'படங்கள் மட்டுமே உள்ள நூல்கள்' அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். பைண்டிங் பிரிவுக்கு எழுத்தில் ஓர் உத்தரவு கொடுங்கள்: புகைப்பட நூல், ஓவிய நூல் எதற்கும் குத்துத் தையலும் கட்டிங்கும் கூடாது, பழுதானால் பெட்டி. படத்தின் மீது முத்திரை கூடாது என்பதும் அதே உத்தரவில் இருக்கட்டும். ஏற்கெனவே தைத்த மூன்றில், நாங்கள் மேலே சொன்ன நூலை மட்டுமாவது புதிதாக ஒரு பிரதி வாங்குங்கள். மற்ற இரண்டின் தையலைப் பிரித்துப் பெட்டியில் வைத்தால் போதும். அதற்கு வேண்டிய கைவேலையை எங்களில் இருவர் உங்கள் மேசையிலேயே, உங்கள் ஊழியர் பார்க்க, கூலி இல்லாமல் செய்து தருகிறோம்.

வாங்குவதற்கு ஃபாரம் கணக்குக்கு வெளியே ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். ஆண்டுக்கு 10 நூல் போதும். அதில் குறைந்தது மூன்று, இந்தியக் கலைஞர்கள் சொந்தமாகப் பதிப்பித்தவையாக இருக்கட்டும். சொத்து வரியோடு நாங்கள் கட்டும் நூலக வரியில் இது ஒரு துளி. தேர்வுக் குழுவில் இந்தத் துறை தெரிந்த ஒருவருக்கு இடம் கொடுங்கள். அவர் எங்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

பூட்டிய பீரோவிலிருந்து நூல்கள் வாரத்தில் இரண்டு நாளாவது, சனியும் ஞாயிறும், மேசைக்கு வர வேண்டும். விரித்தால் 60 செ.மீ. வரை போகும் நூல்கள் இருப்பதால் வாசிப்பு மேசையின் பாதி வேண்டும். கையுறை வேண்டாம், அது விரலின் உணர்வைக் குறைத்துப் பக்கத்தைக் கிழிக்கும். கழுவி நன்றாகத் துடைத்த கை போதும், ஒரு சோப்பும் துண்டும் வையுங்கள். மாதம் ஒரு மாலை அந்த மேசையைச் சுற்றி ஒரே ஒரு நூலைப் பேச அனுமதியுங்கள். ஒரு நூலைச் சுற்றி எட்டுப் பேருக்கு மேல் நிற்க முடியாது, ஆகவே கூட்டம் சேரும் என்ற கவலை வேண்டாம்.

போட்டியில் ஒற்றைப் படப் பிரிவு இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே 8 முதல் 12 படங்கள் கொண்ட தொடர் பிரிவு ஒன்றும், கையால் செய்த டம்மி, அதாவது மாதிரி, நூல் பிரிவு ஒன்றும் சேருங்கள். 10 ஏ4 தாளை நடுவில் மடித்து மூன்று துளையில் தைத்தால் 40 பக்கம். பள்ளிப் பிள்ளைகளும் செய்வார்கள். உள் தாள்கள் ஓரத்தில் 2 மி.மீ. வரை வெளியே தள்ளும், ஓரம்வரை படம் வைக்க வேண்டாம் என்று மட்டும் விதியில் சொல்லிவிடுங்கள். படங்கள் அமைப்பாளருக்கே சொந்தம் என்ற வரியை நீக்குங்கள். பரிசு பெறும் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று நடுவர்கள் ஐந்து வரி எழுதித் தர வேண்டும், அதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

போட்டிக்குப் படம் அனுப்பக் கடைசித் தேதிக்கு முன்னால் இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் வேண்டும். அடுத்த கட்டு பைண்டிங்குக்குப் போக மூலையில் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தோம். மேலிருந்து நான்காவது ஒரு புகைப்பட நூல். அதை மட்டும் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பகுதிகளைச் சேர்ந்த
புகைப்பட நூல் வாசகர்கள் சிலர்